பிடுங்கிய பிறகும் வலிக்கும் பல்

என் பெரியம்மாவிடம் ஒரு மஞ்சள் பை இருந்தது. யாரோ கல்யாணத்தில் தாம்பூலத்தோடு கொடுத்த பை. நான்கு வருடத்துப் பல் வைத்தியம் மொத்தமும் அதற்குள் கிடந்தது: கட்டைவிரல் அகலத்துக்குச் சின்னச் சின்ன எக்ஸ்ரே துண்டுகள், தாடை முழுவதையும் எடுத்த பெரிய படங்கள் இரண்டு, மருந்துச் சீட்டுகள், பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகள். இடப்பக்க மேல் கடைவாயில் தொடங்கிய வலி. முதலில் ரூட் கெனால் செய்தார்கள், வலி போகவில்லை. அதே பல்லைத் திறந்து மறுபடியும் செய்தார்கள். பிறகு பல்லையே எடுத்தார்கள். இரண்டு வாரத்தில் வலி பக்கத்துப் பல்லுக்கு வந்துவிட்டது. அதையும் எடுத்தார்கள். மூன்றாவது பல்லும் போன பிறகு வெறும் ஈறு வலித்தது.

“பல்லே இல்லாத எடத்துல பல்லு வலிக்குதுன்னா யாருப்பா நம்புவா?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டுதான் இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்கத் தெரிந்தது, பெரியம்மா தனியாள் இல்லை. இந்தக் கேள்விக்கு மூன்றரை நூற்றாண்டு வயது.

1677 டிசம்பரில் தத்துவ அறிஞர் ஜான் லாக் பாரிஸில் இருந்தார். அவர் மருத்துவமும் படித்தவர். இங்கிலாந்துத் தூதரின் மனைவிக்கு முகத்தில் தாங்க முடியாத வலி என்று அவரை அழைத்தார்கள். முகத்தின் ஒரு பக்கம் முழுக்கத் தீப்பிடித்ததுபோல் வலி பாய்ந்து, சற்று நேரத்தில் அடங்கி, மறுபடியும் பாய்ந்ததை லாக் தன் கடிதங்களில் நுணுக்கமாகப் பதிவு செய்திருக்கிறார். அவர் போவதற்கு முன்பே அந்த அம்மையாருக்குப் பல் பிடுங்கிப் பார்த்திருந்தார்கள். பலனில்லை. 1756இல் பிரான்ஸின் நிக்கோலா ஆந்த்ரேயும் 1773இல் லண்டனின் ஜான் ஃபாதர்கிலும் இதே நோயை விவரித்தார்கள். 1778இல் வெளிவந்த தன் பல் மருத்துவ நூலில் ஜான் ஹன்டர் இன்னும் நேராகச் சொன்னார்: தாடையில் வரும் ஒருவகை வலிக்கும் பல்லுக்கும் சம்பந்தமே இல்லை, ஆனாலும் பழி பல்மேல் விழுகிறது, பல்லை எடுக்கிறார்கள், வலி அப்படியே இருக்கிறது. இதை எழுதி இரண்டரை நூற்றாண்டு ஆகப்போகிறது. மஞ்சள் பைகள் இன்னும் நிரம்பிக்கொண்டேதான் இருக்கின்றன.

ஏன் பழி பல்மேல் விழுகிறது? இதற்கு மருத்துவரின் கவனக்குறைவை மட்டும் சொன்னால் போதாது. உடம்பின் கம்பி இணைப்பே அப்படி இருக்கிறது. முகத்தின் உணர்ச்சி ஏறக்குறைய முழுவதையும் மூளைக்குக் கொண்டுபோவது டிரைஜெமினல் என்னும் முக்கிளை நரம்பு. நெற்றிக்கும் கண்ணுக்கும் ஒரு கிளை, கன்னத்துக்கும் மேல் பல்வரிசைக்கும் ஒரு கிளை, கீழ்த்தாடைக்கும் கீழ்ப் பற்களுக்கும் ஒரு கிளை. இவை கொண்டுவரும் செய்திகள் மூளைத்தண்டில் ஒரு நரம்புத் திரளில் இறங்குகின்றன. பல்லிலிருந்து வரும் இழை, தாடைத் தசையிலிருந்து வரும் இழை, மூளை உறையிலிருந்து வரும் இழை, பிடரியிலிருந்து வரும் இழை என்று பலவும் அங்கே ஒரே நரம்பணுவின்மேல் வந்து சேர்கின்றன. தந்தி எந்த ஊரிலிருந்து வந்தது என்பது அந்த இடத்தில் குழம்பிவிடுகிறது. அதனால்தான் கன்னத்துத் தசை இறுகினால் கடைவாய்ப் பல் வலிப்பதாகத் தோன்றுகிறது. இதயத்துக்கு ரத்தம் போதாதபோது கீழ்த்தாடை வலிப்பதும் இதைப் போன்ற குழப்பம்தான். மூளையின் புறணியில் முகத்துக்கும் உதட்டுக்கும் நாக்குக்கும் ஒதுக்கிய இடம் முதுகுக்கு ஒதுக்கியதைவிட எவ்வளவோ பெரிது என்று 1937இல் நரம்பு அறுவை மருத்துவர் பென்ஃபீல்டு காட்டினார். முதுகில் வந்தால் பொறுத்துக்கொள்ளக்கூடிய உறுத்தல் வாய்க்குள் வந்தால் உலகத்தையே மறைத்துவிடுவது ஏன் என்பதற்கு இதில் பாதிப் பதில் இருக்கிறது.

மீதிப் பாதி பல்லின் சிகிச்சையிலேயே இருக்கிறது. ரூட் கெனால் என்பது பல்லுக்குள் இருக்கும் நரம்பை வெட்டி எடுப்பது. பல்லைப் பிடுங்குவதும் அப்படியே. இரண்டும் சிறிய அளவில் நரம்பை ஊனப்படுத்தும் வேலைகள். பெரும்பாலானவர்களுக்கு வெட்டுப்பட்ட முனை ஆறி அடங்கிவிடுகிறது. சிலருக்கு அது யாரும் தொடாமலே சமிக்ஞை அனுப்பத் தொடங்குகிறது. காயத்தின் வலியைக் கேட்டுக் கேட்டுத் தண்டுவடம் கூர்மையாகிவிடுகிறது என்று 1983இல் கிளிஃபர்ட் வுல்ஃப் எலிகளிடம் நிரூபித்தார். புண் ஆறிய பிறகும் மணி அடித்துக்கொண்டே இருக்கும் நிலை அது. காலை இழந்தவருக்கு இல்லாத கால் வலிப்பதுபோல, இல்லாத பல்லும் வலிக்கலாம் என்று 1978இல் ஜோசஃப் மார்பாக் எழுதினார். அதற்கு மாயப் பல்வலி என்றே பெயர் வைத்தார். பெரியம்மாவின் கேள்விக்கு விடை அந்த வருடமே அச்சாகிவிட்டது.

எத்தனை பேருக்கு இப்படி ஆகிறது? மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் டொனால்ட் நிக்ஸ்டார்ஃப் குழு, அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2010இல் கணக்கிட்டது. ரூட் கெனால் செய்த பற்களில் 100க்கு 5 அளவில் ஆறு மாதம் கழித்தும் வலி நீடிக்கிறது. 100க்கு 3க்குச் சற்று மேற்பட்டவற்றில் வலியின் காரணம் பல்லே இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் ரூட் கெனாலுக்குப் பயப்பட வேண்டாம். சொத்தையும் சீழும் உள்ள பல்லுக்கு அது நல்ல சிகிச்சை. ஆனால் நம் ஊர்களில் ஒரு நாளில் எத்தனை ஆயிரம் ரூட் கெனால் நடக்கிறது என்று நினைத்துப் பார்த்தால், 100க்கு 3 என்பது சின்ன எண் இல்லை.

பெயர்களின் கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தப் பெயர்கள் நோயாளிகளைக் காயப்படுத்தியிருக்கின்றன. 1924இல் அமெரிக்க அறுவை மருத்துவர் சார்லஸ் ஃப்ரேசியரும் அவருடைய சகாவும் 754 முகவலிக்காரர்களை ஆராய்ந்து, வழக்கமான நரம்புவலியில் அடங்காதவர்களைத் தனியே பிரித்து ‘வழக்கத்துக்கு மாறான’ வலி என்றார்கள். அடங்காதது என்பது சீக்கிரமே ‘மனத்தால் வருவது’ என்று ஆனது. 1984இல் லண்டனில் சார்லட் ஃபெயின்மன் குழு 93 பேரிடம் நடத்திய முக்கியமான மருந்து ஆய்வின் தலைப்பிலேயே மனத்தால் வரும் முகவலி என்றுதான் இருக்கிறது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் டோதியெபின் வலியைத் தணித்தது என்று அந்த ஆய்வு காட்டியது. போலி மாத்திரை சாப்பிட்டவர்களிலும் கணிசமானவர்களுக்கு வலி குறைந்தது. ஒருவர் உட்கார்ந்து, முழுக் கதையையும் கேட்டு, மறுபடி வரச் சொன்னதே அவர்களில் பலருக்கு நெடுநாளில் கிடைத்த முதல் மருந்து என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

இப்போது பெயர் மாறியிருக்கிறது. 2020இல் வாய், முக வலிகளுக்கென்றே முதல் சர்வதேச வகைப்பாடு வெளியானது. தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல், மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து, பரிசோதனையில் காரணம் ஏதும் அகப்படாத முகவலியைக் ‘காரணம் அறியா நீடித்த முகவலி’ என்கிறார்கள். உலக வலி ஆய்வுச் சங்கமும் அதே 2020இல் வலிக்கான தன் வரையறையைத் திருத்தியது. வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்பதை அந்த வரையறையின் குறிப்பிலேயே சேர்த்தது. கேட்கச் சாதாரணமாக இருக்கிறது. “எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லம்மா, நீங்களா நெனச்சுக்கிறீங்க” என்ற வாக்கியத்தை எதிரில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு அதன் கனம் தெரியும்.

காரணம் அறியா வலி என்ற முடிவுக்கு வருமுன் அறியக்கூடிய காரணங்களைத் தேடியாக வேண்டும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒரு பல்லில் இருக்கலாம். ஒவ்வொரு முனையாகக் கடிக்க வைத்துப் பார்த்தால் அகப்படும். மேல் கடைவாய்ப் பல்லில் கூடுதலாக ஒரு வேர்க்குழாய் இருந்து, முதல் ரூட் கெனாலில் விடுபட்டிருக்கலாம். முப்பரிமாண ஸ்கேன் காட்டிக் கொடுக்கும். சைனஸ் அழற்சி இருந்தால் மேல் வரிசையில் நாலைந்து பற்கள் சேர்ந்து வலிக்கும், குனிந்தால் கூடும். தாமதிக்கக் கூடாதவையும் சில உண்டு. நடந்தால் வந்து நின்றால் போகும் தாடைவலிக்கு இதயத்தைப் பார்க்க வேண்டும். ஐம்பது வயதுக்கு மேல், உணவை மென்றுகொண்டிருக்கும்போது தாடை சோர்ந்து வலித்து, பொட்டிலும் வலி இருந்தால் அங்குள்ள ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். சிகிச்சை தாமதித்தால் பார்வை போகும். முகத்திலோ உதட்டிலோ மரத்துப்போவது, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண் ஆகியவை, புகையிலைப் பழக்கம் பரவிய நம் நாட்டில், புற்றுநோயை முதலில் நினைக்க வேண்டிய அறிகுறிகள்.

இந்தத் தேடலில் ஒரு எளிய சோதனை பெரிதும் உதவுகிறது. சந்தேகப்படும் பல்லை ஊசி போட்டு மரக்க வைப்பது. பல் முழுக்க மரத்த பிறகும் வலி அப்படியே இருந்தால், வலி அங்கிருந்து வரவில்லை. வலி அரைகுறையாகத் தணிவதும் உண்டு. ஸ்வீடனில் 2006இல் வெளிவந்த ஒரு ஆய்வு இப்படிப்பட்ட வலியுள்ள 35 பேரிடம் அதைத்தான் கண்டது. ஒரு பகுதி வலி பல்லடியிலும் மீதி மூளைப் பக்கத்திலும் பிறக்கிறது என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். ஊசிக்கும் காத்திருப்புக்கும் கால் மணி நேரம் போதும். பெரியம்மாவின் மூன்று பற்களில் ஒன்றுக்குக்கூட அந்தக் கால் மணி நேரத்தை யாரும் ஒதுக்கவில்லை.

அதைவிட மலிவான கருவி ஒன்று நம் எல்லோரிடமும் இருக்கிறது: வலிக்கு நாம் வைத்திருக்கும் சொற்கள். 1975இல் ரொனால்ட் மெல்சாக் ஆங்கில வலிச்சொற்களைத் திரட்டி ஒரு கேள்வித்தாளாக்கினார். தமிழில் அந்தச் செல்வத்துக்குக் குறைவே இல்லை. குளிர்ந்த தண்ணீர் பட்டதும் வந்து உடனே போவது கூச்சம். பல்லின் மேற்பூச்சு தேய்ந்திருக்கலாம். ராத்திரி படுத்ததும் விண்விண்ணென்று தெறிப்பது பல்லுக்குள் இருக்கும் சதையின் அழற்சி. முகம் கழுவும்போதோ காற்று பட்டோ சுரீரென்று மின்சாரம் பாய்ந்ததுபோல் வெட்டி, சில நொடியில், அதிகம் போனால் இரண்டு நிமிடத்தில், அடியோடு மறைவது முக்கிளை நரம்புவலி. நாக்கும் மேலண்ணமும் மிளகாய் பட்டதுபோல் நாள் முழுக்கக் காந்தினால், புண்ணும் இல்லையென்றால், அது வாய் எரிச்சல் நோய். மாதவிடாய் நின்ற பெண்களுக்கே அதிகம். காலையில் எழுந்ததும் கன்னம் இறுகிப் பிடித்து, வாய் திறக்கவே கடுத்தால் தாடைத் தசையும் மூட்டும். உள்ளுக்குள் ஆழத்தில், இன்ன இடம் என்று விரல் வைக்க முடியாமல், ஓயாமல் குடைந்தால் அதுதான் பெரியம்மாவுடையது. குடைச்சல் என்று அவள் முதல் நாளிலிருந்தே சொன்னாள். சீட்டில் எழுதியது என்னவோ ‘பல்வலி’.

மருத்துவரிடம் போகும்போது ‘வலிக்குது’ என்று நிறுத்திக்கொள்ளாமல் இந்தச் சொற்களைக் கொண்டுபோங்கள். எது தொட்டால் வருகிறது, எத்தனை நேரம் நிற்கிறது, தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எங்கே போவது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. பல் மருத்துவக் கல்லூரிகளில் ‘ஓரல் மெடிசின்’ என்று ஒரு துறை இருக்கிறது. முகவலி அவர்கள் படித்த பாடம். நரம்பியல் மருத்துவரும் வலி நிவாரணப் பிரிவும் அடுத்த வாசல்கள். அமெரிக்காவிலேயே வாய், முக வலியைப் பல் மருத்துவத்தின் தனிச் சிறப்புத் துறையாக ஏற்றது 2020 மார்ச்சில்தான்.

முக்கிளை நரம்புவலிக்கு மருந்து உண்டு. 1962இல் சிக்ஃப்ரிட் ப்ளோம் கார்பமசபினைக் கொடுத்துப் பார்த்ததிலிருந்து இன்றுவரை அதுவே முதல் மருந்து. ஆனால் ஆசிய வம்சாவளியினர் சிலருக்கு, ஒரு மரபணு வகை இருந்தால், தோல் உரியும் அளவுக்கு ஒவ்வாமை வரலாம். முன்கூட்டியே அந்த மரபணுவைச் சோதிக்கும்படி 2007இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவுறுத்தியது. தொடங்கிய வாரங்களில் தடிப்போ வாய்ப்புண்ணோ காய்ச்சலோ வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் ஓட வேண்டும். மருந்து கேட்காவிட்டால் அறுவைச் சிகிச்சை இருக்கிறது. நரம்பின் வேரை ரத்தக்குழாய் அழுத்துவதை வால்டர் டேன்டி 1934இலேயே எழுதினார். 1960களில் பீட்டர் ஜனெட்டா அந்தக் குழாயை விலக்கி வைக்கும் முறையை நிலைநாட்டினார்.

காரணம் அறியா வலிக்கு இவ்வளவு தெளிவான வழி இல்லை. அமிட்ரிப்டிலின் என்னும் பழைய மாத்திரையை 10 மில்லிகிராமில், இரவில், தொடங்குவார்கள், மெல்லக் கூட்டுவார்கள். கபாபென்டின், பிரிகாபலின் சிலருக்கு ஒத்துக்கொள்ளும். ஈறில் மரப்பு மருந்துக் களிம்பு தடவுவது சிலருக்குப் போதும். முழுக்கப் போகும் என்று யாரும் உறுதி தர முடியாது. பாதியாகக் குறைந்தாலே பெரிய வெற்றி. இங்கே ஒரு இடறல் உண்டு. அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கு வந்த மருந்து. பெரியம்மா முதல் அட்டை வாங்கப் போனபோது கடைப் பையன், “இது மனநோய் மாத்திரைங்க, பாட்டிக்கா?” என்று கேட்டான். அவள் திரும்பி வந்து அட்டையை மேசைமேல் வைத்துவிட்டு, “என்னைப் பைத்தியம்னுதான் எழுதிக் குடுத்திருக்காங்களா?” என்றாள். அந்த மருந்து வலியைக் கடத்தும் நரம்புகளில் வேலை செய்கிறது, மனச்சோர்வுக்குத் தரும் அளவில் சிறு பங்குதான் இது என்று மருத்துவர் முன்பே இரண்டு வாக்கியம் சொல்லியிருந்தால், ஒன்றரை மாதம் அந்த அட்டை மஞ்சள் பையில் கிடந்திருக்காது.

மனத்துக்கு இதில் பங்கே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பயமும் தூக்கமின்மையும் வலியைப் பெருக்கும். வலி அவற்றைப் பெருக்கும். மனம் காரணமா என்ற கேள்வியில் பல பத்தாண்டுகள் வீணாயின. சிகிச்சைக்கு நுழையும் கதவுகளில் மனமும் ஒன்று. அதனால் மனநல ஆலோசகரிடம் அனுப்பினால் தண்டனையாக நினைக்க வேண்டாம்.

அன்றாடம் இதோடு வாழ்வது எப்படி? கஷ்டத்தைப் பொறுப்பதற்குத் தமிழில் ‘பல்லைக் கடித்துக்கொண்டு’ என்கிறோம். இந்த நோயில் செய்யவே கூடாதது அதுதான். மெல்லுவது, விழுங்குவது எல்லாம் சேர்த்தாலும் நாள் ஒன்றுக்குப் பற்கள் ஒன்றையொன்று தொட வேண்டிய நேரம் இருபது நிமிடத்துக்குள். மற்ற நேரமெல்லாம் உதடு மூடியிருக்க, பற்கள் பிரிந்திருக்க வேண்டும். வலியை எதிர்பார்த்துக் காத்திருப்பவர் நாள் முழுக்கக் கடித்துக்கொண்டே இருக்கிறார். வலியோடு தசைவலியும் சேர்கிறது. பெரியம்மாவிடம் இதைச் சொன்னபோது, சன்னல், அடுப்படி, பூசை அலமாரி என்று மூன்று இடத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டினாள். கண்ணில் படும்போதெல்லாம் தாடையைத் தளர்த்துவாள். இன்னொரு பழக்கமும் இருந்தது: வலி இருக்கிறதா என்று நாக்கால் ஈறைத் தடவித் தடவிப் பார்ப்பது. அதை விடத்தான் அதிக நாள் பிடித்தது.

வலி மாத்திரைகளை அடுக்கடுக்காகப் போடுவது உதவாது. இந்த வகை வலிக்கு அவை பெரும்பாலும் கேட்பதில்லை. வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மாதத்தில் பாதி நாள் போட்டால் அதனாலேயே தலைவலி வரலாம். கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் வைத்து நாள்கணக்கில் அடக்கினால் ஈறு வெந்துபோகும். வலி குறைந்த நாளில் ஒரு மாத வேலையைச் செய்து தீர்த்து மறுநாள் படுத்துவிடாமல், தினமும் ஒரே அளவு நடை, ஒரே நேரத் தூக்கம் என்று வைத்துக்கொள்பவர்கள் மெல்லத் தேறுகிறார்கள். வீட்டிலிருப்பவர்கள் மணிக்கொரு முறை ‘இப்போ எப்படி இருக்கு’ என்று கேட்காமல் இருப்பது பெரிய உதவி. கேட்கும் ஒவ்வொரு முறையும் அவர் உள்ளே போய் வலியைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் சொல்ல விரும்புவது ஒன்று. காரணம் உறுதியாகாமல் இன்னொரு பல்லைக் கொடுக்காதீர்கள். வலி தாங்காதவர் தானே ‘புடுங்கிடுங்க டாக்டர்’ என்று கெஞ்சுவார், பெரியம்மாவும் கெஞ்சினாள். மாத்திரையை நிறுத்தலாம், மாற்றலாம். பல் திரும்பாது. ஒவ்வொரு பிடுங்கலும் ஏற்கெனவே கொந்தளிக்கும் நரம்புக்கு இன்னொரு வெட்டு.

பெரியம்மா தினசரிக் காலண்டரின் கிழித்த தாளின் பின்பக்கம் அன்றைய வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று எழுதி வந்தாள். எட்டும் ஒன்பதுமாக இருந்தது ஏழெட்டு மாதத்தில் நான்குக்கும் மூன்றுக்கும் வந்தது. அதற்குக் கீழே போகவில்லை. போன ஐப்பசியில், இந்த முறை வலப்பக்கக் கீழ்ப் பல்லில், வலி வந்தது. வீட்டில் எல்லோரும் மறுபடியும் தொடங்கிவிட்டதென்று பதறினோம். அவள் பதறவில்லை. பல் மருத்துவர் நாற்காலியில் சாய்ந்து, கேட்பதற்கு முன்பே சொன்னாள்:

“இது அது இல்ல டாக்டர். அது கொடையும். இது தண்ணி பட்டா சுருக்குங்குது, ராத்திரி விண்விண்ணுனு தெறிக்குது. இது பல்லு.”

மருத்துவர் குளிர்ச்சி வைத்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், ஒரு எக்ஸ்ரே எடுத்தார். இரண்டு பல்லுக்கு நடுவே ஆழமான சொத்தை இருந்தது. மரக்க ஊசி போட்டதும் வலி மொத்தமும் நின்றது. சொத்தையைச் சுரண்டி அடைத்து அனுப்பினார். மூன்றாம் நாள் அந்த வலி போய்விட்டது. இடப்பக்கத்துக் குடைச்சல் எப்போதும்போல் மூன்றில் இருந்தது.